கப்பல் மிருகத்தின் பங்குப் பால்

பாலையூற்று, திருகோணமலை
18.06.1942

அன்புள்ள இராசமலருக்கு,

நான் சுகம் என்றுதான் எழுதவேண்டும். ஆனால் இந்தக் கடிதத்தை எழுதும் கையைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நாற்றம் போகவில்லை. நீர் உம்முடைய தாய்வீட்டிலிருந்து திரும்பும்வரை வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பேன் என்று சொன்னேன். அந்தச் சொல் என்னையறியாமலே கெட்டுப்போயிற்று.

துறைமுகத்தில் ஒஸ்ரேலியாக் கப்பல் ஒன்று நின்றது. அதன் சமையற்காரன் ஒரு மிருகத்தை வளர்த்து வந்தான். கங்காருவில் சின்னச் சாதி, வாலபி என்று பெயராம். ஆட்டுக்குட்டி உயரம், எலியின் முகம், பின்னால் தடித்த வால். கப்பல் சண்டைக்குப் புறப்படும்போது அதைக் கரையில் இறக்கிவிடும்படி உத்தரவு வந்துவிட்டது. நம்முடைய படை ஸ்டோர் துரை என்னைக் கூப்பிட்டார். "சோமசேகரம், உன் வீட்டில் வளவு இருக்கிறதுதானே? கப்பல் திரும்பும்வரை நீ வைத்துக்கொள்" என்றார். ஒரு ஸ்டோர்க் கிளாக்கர் துரைக்கு முன் நின்று ஏலாது என்று சொல்லமுடியுமா?

சமையற்காரனே அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "இதைப் பார்" என்று அதன் வயிற்றில் கிழிசல் போலிருந்த ஓரிடத்தை விரலால் விரித்துக் காட்டினான். உள்ளே ஒரு பை. மயிரில்லாத ஈரத்தோல். காதுக்குறும்பி போலப் பழுப்பாக ஏதோ பிசின் அப்பியிருந்தது. அந்தப் பிசினுக்குள்ளே, தோலுரித்த எலி போல ஒன்று முலையைக் கவ்விக்கொண்டு தொங்கியது. கண் திறக்கவில்லை. வயிற்றுத் தோலுக்குள்ளால் குடல் நீலமாகத் தெரிந்தது. நான் வேலியோரம் ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். அவன் சிரித்தான்.

"பிறக்கும்போது அவரைக்கொட்டை அளவுதான் இருக்கும்" என்றான். "பின்கால்கூட ஒழுங்காக முளைத்திருக்காது. தாயின் மயிரைப் பிடித்துத் தானாகவே ஏறிவந்து பைக்குள் விழும். முலையைக் கவ்வினால் அந்த முலை வாய்க்குள்ளேயே வீங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் அப்படியே தொங்கிக்கொண்டு வளரவேண்டியதுதான்."

இப்போது அதை நமது குசினிப் பத்தியில் கட்டியிருக்கிறேன். வெயில் ஏறினால் தன் முன்கைகளை எச்சில் சொட்டச் சொட்ட நக்குகிறது. தலையைப் பைக்குள் விட்டுக் குட்டியின் மலசலத்தை நக்கித் தின்கிறது. பிறகு அதே வாயால் என் கையிலிருந்து முருங்கை இலையை வாங்குகிறது.

உம்முடைய உடம்பு எப்படி? மருத்துவிச்சி வந்து பார்த்தாளா? இந்தக் கடிதத்தை மூதூர் முனாப் நானாவின் வள்ளத்தில் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடும்.

இப்படிக்கு,
சோமசேகரம்


ஈச்சிலம்பற்று
29.06.1942

அத்தான்,

வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எழுதுகிற கதையா இது? சோற்றுக்கு முன் இருந்துகொண்டு உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். சோறு நாய்க்குப் போயிற்று. அன்று பின்னேரம் வரைக்கும் என் வயிற்றில் பிள்ளை புரண்டபோதெல்லாம் நீங்கள் எழுதிய அந்தத் தோலுரித்த எலிதான் நினைவில் வந்தது. என் பிள்ளையை நினைக்கவேண்டிய நேரத்தில் எதை நினைக்க வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

குசினிப் பத்தியில் கட்டியிருக்கிறேன் என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? நான் அரிசி களைகிற இடம் அது. ஒரு மீன்செதில் கிடந்தாலே முகத்தைச் சுளித்துக்கொண்டு எழும்பிப் போகிறவர் நீங்கள். துரை சொன்னால் எல்லாம் மணக்கும் போல.

ஒன்று கேட்கிறேன். யப்பான்காரனின் குண்டு விழுந்த அன்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் குந்தியிருந்தேன். மறுநாள் காலையிலேயே என்னை முனாப் நானாவின் வள்ளத்தில் ஏற்றினீர்கள். வள்ளம் கரையை விட்டதும் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் அங்கே இல்லை. ஸ்டோர் மணி அடிக்குமுன் போகவேண்டுமென்று ஓடிவிட்டீர்கள். வீடு முழுக்க மிருகத்துக்கு இடம் இருக்கிறது. எனக்குத்தான் இருக்கவில்லை.

மருத்துவிச்சி வந்தாள். ஆவணிக்குள் பிறந்துவிடும் என்றாள். இனிமேல் அந்தப் பையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவேண்டாம்.

இராசமலர்


பாலையூற்று
20.08.1942

அன்புள்ள இராசமலருக்கு,

எழுதவேண்டாம் என்றீர். இவ்வளவு நாளும் எழுதவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

போன கிழமை ஒருநாள் காலை தெருநாய்கள் வேலிக்குள் புகுந்துவிட்டன. வாலபி கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. நாய்கள் கிட்ட வந்ததும் அதன் பை தளர்ந்தது, குட்டி நிலத்தில் விழுந்தது. அது தவறி விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாரத்தை இறக்கியதுபோல் இருந்தது. தாய் திரும்பியும் பார்க்காமல் வேலியைத் தாண்டி றோட்டில் ஏறியது. ஏறியதும் படை லொறி அடித்துவிட்டது. என்னால் அதைப் பார்க்கவே முடியவில்லை.

குட்டிக்கு இப்போது குட்டை மயிர் முளைத்துவிட்டது. கண்ணும் திறந்திருக்கிறது. புழுதியில் கிடந்து இருமுவதுபோல் ஒரு சத்தம் போட்டது. நாய்களைக் கல்லால் அடித்துவிட்டு அதைத் தூக்கினேன். மேலெல்லாம் தாயின் பைப்பிசின். என் கையில் ஒட்டிக்கொண்டது. போட்டுவிடத்தான் நினைத்தேன். அது தலைகீழாகக் குத்துக்கரணம் அடித்து என் சட்டைக்குள் புகுந்துவிட்டது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது. இறக்கினால் கத்துகிறது.

துரையிடம் கொண்டுபோனேன். அவருக்குத் தாய் செத்ததில் பெரிய கோபம். "குட்டியும் செத்தால் கப்பல்காரருக்கு நான் என்ன சொல்வது? ஸ்டோரிலிருந்து தகரத்தில் அடைத்த பால்மா எடுத்துக் கரைத்துக் கொடு. கிழமைக்கு ஒரு ரின் எழுதித் தருகிறேன்" என்றார். உடுத்திக் கழித்த பழைய சாரத்தைப் பைபோலத் தைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். கந்தோரில் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஈரப்பஞ்சால் அதன் பின்புறத்தைத் துடைத்துவிட்டால்தான் சலம் போகிறது. தாய் நக்கிச் செய்த வேலை இப்போது எனக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிறேன்.

நீர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அன்று வள்ளத்தடியில் நின்றிருந்தால் உம்மை அனுப்பியிருக்கமாட்டேன். அதனால்தான் போனேன். இதை நம்புவதும் விடுவதும் உம்முடைய விருப்பம்.

சோமசேகரம்


ஈச்சிலம்பற்று
04.09.1942

அத்தான்,

உங்கள் கடிதம் வந்த அன்றே மகன் பிறந்துவிட்டான். உடனே எழுதத் தெம்பில்லை. பிறந்தவுடன் எனக்குக் குளிர்காய்ச்சல் பிடித்துவிட்டது. கொயினா மருந்து குடித்துக் காது அடைத்துக் கிடக்கிறேன்.

பிள்ளை சின்னவன். மிகச் சின்னவன். தொடையில் தோல் மடிந்து தொங்குகிறது. முதல் நாட்களில் பால் இருந்தது. முலை வெடித்துச் சீழ் வைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். காய்ச்சல் ஏறப் பால் வற்றிவிட்டது. பக்கத்து வளவில் பிள்ளைபெற்ற ஒருத்தி கொடுத்தாள். அவளும் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். கறவை மாடுகளையெல்லாம் படைக்கு இறைச்சிக்கென்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எருமைப்பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்தோம். அப்படியே கட்டிகட்டியாகக் கக்குகிறான். அந்தப் புளித்த நாற்றம் என் உடுப்பு, பாய், தலைமயிர் எல்லாவற்றிலும் இருக்கிறது. மருந்து கொடுக்கிற அப்போத்திக்கரி மாட்டு வண்டியில் வந்து பார்த்துவிட்டு, "பால்மா கொடுங்கோ பிள்ளை, வேறை ஒண்டும் இவன்ரை வயித்திலை நிக்காது" என்று சொல்லிப் போனார்.

பால்மா. இந்த ஊரில் அதன் ரின்னைக்கூடக் கண்ணால் காணமுடியாது.

நீங்கள் எழுதியிருந்ததைக் காய்ச்சலோடு கிடந்து வாசித்தேன். கிழமைக்கு ஒரு ரின் என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இராசமலர்


பாலையூற்று
12.09.1942

அன்புள்ள இராசமலருக்கு,

மகன் பிறந்த செய்தியை வாசித்துவிட்டு நான் சந்தோஷப்பட்டது ஒரு வரிக்குத்தான். அடுத்த வரியிலேயே எல்லாம் போய்விட்டது.

கடைத்தெரு முழுக்க அலைந்தேன். பால்மா இல்லை. வந்ததையெல்லாம் படைக்காரர் வாங்கிவிட்டார்களாம். பிறகு துரையிடம் போனேன்.

"சேர், எனக்கு மகன் பிறந்திருக்கிறான். தாய்க்குக் காய்ச்சல், பால் இல்லை. ஒரு ரின் பால்மா விலைக்குத் தந்தால் பெரிய உதவி" என்றேன்.

"ஸ்டோர்ச் சாமான் படைக்கு உரியது, சோமசேகரம். உனக்கு ஒன்று கொடுத்தால் நாளைக்கு ஊரே வாசலில் வந்து நிற்கும்" என்றார்.

அந்த நேரம் குட்டி என் கழுத்துப் பைக்குள்ளிருந்து தலையை நீட்டியது. நான் அதைக் காட்டி, "இதற்குக் கொடுக்கிறீர்களே, சேர்" என்றேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது.

"அது கப்பலைச் சேர்ந்தது" என்றார். அதட்டவும் இல்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் ஆறுதலாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அதற்குப் பால் கரைத்தேன். குடிக்கிறது, உடனே கழிகிறது. மஞ்சளாக, தண்ணீராக. பை, சட்டை, என் வயிறு எல்லாம் நனைந்துவிட்டது. வாங்குவதையெல்லாம் இப்படியே கொட்டுகிறது. அதைக் கழுவும்போது என் மகனுக்குப் போகவேண்டியதைத்தான் கிணற்றடியில் ஊற்றிக் கழுவுகிறேன் என்று நினைத்தேன்.

எடுத்து அனுப்பலாமே என்று நினைப்பீர். ஸ்டோரில் கூலிவேலை செய்த குலசிங்கம் ஒரு துண்டுக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு போய்ப் பிடிபட்டான். அவன் இப்போது மறியலில், கம்பிக்குப் பின்னால் இருக்கிறான். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சோமசேகரம்


ஈச்சிலம்பற்று
17.09.1942

தெரியாவிட்டால் கேளுங்கள், நான் சொல்லித் தருகிறேன்.

உங்கள் மகன் இப்போது வாயைத் திறந்து அழுவதில்லை. முகத்தை மட்டும் சுருக்குகிறான். உச்சிக்குழி உள்ளே இறங்கிவிட்டது. இதை வைத்துக்கொண்டு நான் இருக்க, நீங்கள் அங்கே ஒரு எலியை வயிற்றில் கட்டிக்கொண்டு அதன் பின்புறத்தைத் துடைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். துடைத்த கையாலேயே எனக்குக் கடிதமும் எழுதுகிறீர்கள். உங்கள் கடிதத்தை எடுக்கவே அருவருப்பாக இருக்கிறது. நுனியில் பிடித்து வாசித்தேன்.

மறியல் பயம் என்கிறீர்கள். அந்த மிருகம் நாயைக் கண்டதும் குட்டியைப் போட்டுவிட்டு ஓடியது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? அது மிருகம், அத்தான்.

இனிப் பால் வராவிட்டால் கடிதமும் வேண்டாம்.


பாலையூற்று
21.09.1942

இராசமலர்,

முனாப் நானாவிடம் கருவாட்டுச் சாக்கு ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறேன். உள்ளே பால்மா ரின் இருக்கிறது. அவருக்கு விஷயம் தெரியும். "எங்கட ஸாலிஹாவும் பிள்ளத்தாய்ச்சிதான் தம்பி, நீங்க பேசாம போங்க. கருவாட்டு மணத்துக்கு ஒரு சோல்ஜரும் கிட்ட வரமாட்டான்" என்று தன் மனைவியைச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

குட்டியின் பெயரால் எடுக்கிற ரின்தான். ஸ்டோரில் ஒன்றும் குறையாது. குட்டிக்குக் கஞ்சித் தண்ணீர் ஊற்றுகிறேன். செத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். செத்தால் துரைக்குச் சொல்ல ஒரு பொய் யோசித்து வைக்கவேண்டும். அது என் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது. அதைப் பட்டினி போட்டுக் கொல்கிறேன் என்று தெரிந்துகொண்டே தூக்கித் திரிகிறேன்.

கொதித்தாறிய தண்ணீரில் கரையும். ரின்னைக் கண்ட இடத்தில் போடவேண்டாம், நிலத்தில் தாழ்த்துவிடும்.

சோ.


ஈச்சிலம்பற்று
10.10.1942

அத்தான்,

முதல் ரின்னைத் திறந்தபோது பால்மாவிலும் கருவாடு மணத்தது. அம்மா முகத்தைச் சுளித்தாள். பிள்ளை சுளிக்கவில்லை. சங்கில் ஊற்றிய முதல் வாய் வயிற்றில் தங்கியது. இரண்டாவதும் தங்கியது. நான் அடுப்படியில் இருந்துகொண்டு கக்குவான் கக்குவான் என்று பார்த்திருந்தேன். கக்கவில்லை. உறங்கிப்போனான்.

அடுத்த ரின்களும் வந்தன. கன்னத்தில் சதை பிடிக்கிறது. எனக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது. பால் கொஞ்சம் ஊறுகிறது, ஆனால் போதாது.

உங்களுக்கு நான் எழுதியதெல்லாம் எழுதியதுதான். அழிக்க ஏலாது. அந்த நேரத்தில் அதுதான் என் மனதில் இருந்தது.

முனாப் நானா உங்களைக் கண்டதாகச் சொன்னார். "தம்பி அரைவாசியாப் போயிட்டார். சட்டைக்குள்ள என்னவோ அசையுது" என்றார். அப்படியானால் அது இன்னும் சாகவில்லையா? என்ன கொடுக்கிறீர்கள் அதற்கு? பால் இல்லாமல் எப்படி இருக்கிறது?

கேட்கவேண்டும் என்று தோன்றியது, கேட்டுவிட்டேன். அதன்மேல் அன்பு வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம்.

இராசமலர்


பாலையூற்று
28.10.1942

அன்புள்ள இராசமலருக்கு,

கப்பல் திரும்பி வந்துவிட்டது. குட்டி போய்விட்டது. உயிரோடுதான் போனது. நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

பால்மாவை நிறுத்திய சில நாளிலேயே அதன் கழிச்சல் நின்றுவிட்டது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை. சாகப்போகிற உயிருக்குக் கழிய ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். பிறகு கஞ்சியை உறிஞ்சத் தொடங்கியது. பைக்குள்ளிருந்தபடியே எட்டி அறுகம்புல்லைக் கடித்தது. பிறகு இறங்கி வளவுக்குள் பாய்ந்து திரிந்தது. பயந்தால் மட்டும் ஓடிவந்து தலையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, காலும் வாலும் வெளியே தொங்க நிற்கும்.

நேற்றுச் சமையற்காரன் ஸ்டோருக்கு வந்தான். துரையும் கூட இருந்தார். குட்டி என் கழுத்துப் பையில் இருந்தது. குட்டியின் மினுக்கத்தைப் பார்த்துத் துரைக்குப் பெருமை தாங்கவில்லை. சமையற்காரனின் முதுகில் தட்டினார்.

"பார்த்தாயா? எல்லாம் பால்மா. நான்தான் எழுதிக் கொடுத்தேன். இல்லையா, சோமசேகரம்?"

"ஓம் சேர்" என்றேன்.

"கிழமை தவறாமல் கொடுத்தாய் அல்லவா?"

"ஓம் சேர்."

எனக்கு ஒரு பெட்டி சிகரெட் தந்தார். நான் புகைப்பதில்லை என்று அவருக்குத் தெரியாது. நல்ல வேலை செய்தாய், வேறென்ன வேண்டும் என்று கேட்டார். லீவு கேட்டேன். கொடுத்தார். பால்மா கேட்கவில்லை.

பின்னேரம் சமையற்காரன் குட்டியை வாங்க வீட்டுக்கு வந்தான். கிணற்றடியில் வைத்துக் கேட்டான்.

"மெய்யாகவே அந்தப் பாலா கொடுத்தாய்?"

"ஏன்?"

"எங்கள் ஊரில் மாட்டுப்பாலோ பால்மாவோ கொடுத்த குட்டி கழிந்து கழிந்தே செத்துப்போகும். தப்பித் தவறிப் பிழைத்தாலும் கண் பூ விழுந்து குருடாகும். இதன் கண்ணைப் பார், கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதுதான் கேட்கிறேன்."

கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பால் எங்கே போனது, உம்முடைய காய்ச்சல், துரை சொன்ன பதில், கருவாட்டுச் சாக்கு. அவன் துரையைக் குறித்துத் தன் ஊர்ப் பாஷையில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி நிலத்தில் காறித் துப்பினான்.

"உன் மகன் பிழைத்தானா?" என்று கேட்டான்.

"ஓம். ஆனால் நான் இன்னும் அவனைப் பார்க்கவில்லை" என்றேன்.

குட்டியைத் தன் சட்டைக்குள் விட்டுக்கொண்டு போனான். அது ஒருமுறை கத்தியது. எனக்கு நிம்மதி வருமென்று நினைத்தேன். வரவில்லை. அந்த "ஓம் சேர்" தொண்டைக்குள் நிற்கிறது. ஒரு மாதமாக அந்த உயிரைக் கொல்கிறேன் என்று என்னை நானே வெறுத்துக்கொண்டு திரிந்தேன். உத்தரவுப்படி நடந்திருந்தால்தான் அது செத்திருக்கும். உண்மையைச் சொல்லியிருந்தால் நான் மறியலில் இருப்பேன். பொய் சொன்னதற்குச் சிகரெட் கிடைத்தது.

லீவு அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. வரலாமா என்று எழுதும்.

சோமசேகரம்


ஈச்சிலம்பற்று
02.11.1942

அத்தான்,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா முதலில் சிரித்தாள். பிறகு, "அட கடவுளே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

குடித்தால் சாகிற உயிருக்குக் குடி குடி என்று கொடுத்தார்கள். குடித்தால் பிழைக்கிற பிள்ளைக்கு இல்லை என்றார்கள். யாரும் கெட்ட மனதோடு செய்யவும் இல்லை. அந்தத் துரை ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பு வருகிறது. உறுக்கி அதட்டியிருந்தால்கூட இவ்வளவு வராது.

அந்த மிருகம் எனக்கு இப்போது அருவருப்பாக இல்லை. பிள்ளையின் கழிவைக் கையால் வழித்து எடுத்து, கக்கியதை முந்தானையால் துடைத்து, அதே கையால் சோறும் தின்கிறவள் நான். நக்கித் துப்புரவாக்குகிற தாயைப் பற்றி நான் என்ன சொல்ல? அது போட்டுவிட்டு ஓடியதைப் பற்றியும் இனிப் பேசமாட்டேன். லொறியும் நாயும் அதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தன?

நீங்கள் "ஓம் சேர்" சொன்னதற்கு வெட்கப்படவேண்டாம். இன்னும் சொல்லவேண்டி வரும். எனக்குப் பால் போதாது, நீங்கள் உழைத்தாகவேண்டும். ஆனால் உங்கள் தொண்டையில் அது நிற்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். அது நிற்கட்டும். விழுங்கிவிடவேண்டாம்.

வெள்ளிக்கிழமை வாருங்கள். முனாப் நானா மூதூரில் வண்டி ஒழுங்கு செய்து தருவார். பிள்ளை யார் தூக்கினாலும் முதலில் வீரிட்டு அழுகிறான். உங்களிடமும் அழுவான், மனம் நோகவேண்டாம். சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவான்.

இராசமலர்